ஆள் துணை

சிதம்பரத்தில் எங்கள் தெருவில் பத்தொன்பது வீடுகள். போன பொங்கல் விடுமுறையில் அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அவற்றைக் கணக்கெடுத்தேன். அம்மா ஒவ்வொரு வீடாகச் சொல்ல, நான் லேப்டாப்பில் ஓர் எக்ஸெல் தாளில் நிரப்பிக்கொண்டே வந்தேன். அம்மாவுக்கு இடது கையும் காலும் விழுந்து மூன்று வருடம் ஆகிறது. பேச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை. வாசல் வரை நடக்க முடியாவிட்டாலும் தெரு நடப்பு முழுக்க அவளுக்கு அத்துப்படி. மூன்று வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. நான்கு வீடுகளைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். மிச்சம் பன்னிரண்டு. அவற்றில் ஒன்பது வீடுகளில் இருப்பவர்கள் எல்லோருமே அறுபதைத் தாண்டியவர்கள். அந்த ஒன்பதிலும் நான்கில் ஒரே ஓர் ஆள்தான். ‘பிள்ளைகள் எங்கே’ என்று ஒரு கட்டம் போட்டிருந்தேன். மேடவாக்கம், ஒயிட்ஃபீல்ட், ஹைதராபாத், சிங்கப்பூர், டல்லாஸ் என்று அம்மா மளமளவென்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியில், “நம்ம வீட்டையும் போட்டியா?” என்றாள். போட்டேன். மகள் நியூஜெர்சி, மகன் சென்னை.

அந்தத் தாளை வைத்துக்கொண்டு ‘இவர்கள் எல்லாம் பெற்றோரைக் கைவிட்டவர்கள்’ என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரையும் எனக்குத் தெரியும். தினமும் வீடியோவில் கூப்பிடுகிறார்கள். மருந்தை ஆன்லைனில் ஆர்டர் செய்து அனுப்புகிறார்கள். வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ரயில் ஏறி விடிவதற்கு முன்னால் சிதம்பரத்தில் இறங்குகிறவர்களைப் பார்த்தால், முதுகில் லேப்டாப் பையும் கையில் மருந்துக்கடைப் பையுமாக வருகிறவர்கள் நிறைய. ஞாயிறு இரவு திரும்பிவிடுவார்கள். திங்கள் முதல் வெள்ளி வரை பகல் பதினோரு மணிக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான் பிரச்சினை.

ஒருவகையில் பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்புவதுதான் எங்கள் ஊரின் தொழில். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது. எங்கள் அப்பாவின் தலைமுறைக்கு அது வேலை கொடுத்தது. அவர் அங்கே எழுத்தராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றார். எங்கள் தலைமுறைக்குப் பட்டம் கொடுத்தது. நானும் அங்கேதான் பொறியியல் படித்தேன். வகுப்பில் அறுபது பேர். படித்த வேலையை இந்த ஊரிலேயே செய்கிறவர் இன்று ஒருவர்கூட இல்லை. பிள்ளை இன்ஜினியர் ஆகி வெளியூர் போவதற்காகத்தான் அந்த வீடுகளில் சிட் பிடித்தார்கள், நகையை அடகு வைத்தார்கள். அவர்கள் ஆசைப்பட்டதுதான் நடந்திருக்கிறது. அதன் இன்னொரு பக்கத்தை யாரும் யோசித்திருக்கவில்லை.

இது எங்கள் தெருவோடு நிற்கும் விஷயமல்ல. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் 10.4 சதவீதம். அரசின் மக்கள்தொகைக் கணிப்பு 2021க்கு 13.6 என்றும் 2031க்கு 18.2 என்றும் சொல்கிறது. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. ஒரு பெண் சராசரியாகப் பெற்றுக்கொள்ளும் பிள்ளைகளின் எண்ணிக்கை 1992-93இல் ஏறத்தாழ 2.5. 2019-21இல் அது 1.8. குடும்பக் கட்டுப்பாட்டில் நாம் பெற்ற வெற்றி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதன் இரண்டாவது பாகம் இப்போதுதான் ஆரம்பிக்கிறது. பிரான்சில் 65 வயதைத் தாண்டியவர்களின் பங்கு 7 சதவீதத்திலிருந்து 14 சதவீதமாக உயர 115 ஆண்டுகள் ஆயின. ஜப்பானுக்கு 24 ஆண்டுகளே ஆயின. ஆனால் ஜப்பான் அதற்குள் பணக்கார நாடாகியிருந்தது. நாம் வசதி வருவதற்கு முன்பே வயதாகிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் இந்தப் பேச்சு எங்கே எடுத்தாலும், டீக்கடையானாலும் கல்யாண மண்டபமானாலும், ‘காலம் கெட்டுப்போச்சு, அந்தக் காலத்துல கூட்டுக்குடும்பம்’ என்றுதான் போய் முடியும். எனக்கு அந்தக் காலம் கொஞ்சம் நினைவிருக்கிறது. 1998இல் அப்பாவைப் பெற்ற பாட்டி கடலூர் முதுநகர் வீட்டில் படுக்கையில் விழுந்தாள். பதினான்கு மாதம் கிடந்தாள். பாட்டிக்கு ஏழு பிள்ளைகள். ஐந்து பேர் கடலூரிலேயோ பஸ்ஸில் ஒன்றரை மணி நேரத் தூரத்திலேயோ இருந்தார்கள். ‘ஏழு புள்ளைங்களும் தாங்கு தாங்குன்னு தாங்கினாங்க’ என்று சொந்தத்தில் இன்றும் பெருமையாகப் பேசுவார்கள். நிஜத்தில் தாங்கியவர்கள் மூன்று பெண்கள். எங்கள் அம்மா, பெரியம்மா, அப்புறம் கணவரை இழந்து கைக்குழந்தையோடு பிறந்த வீட்டுக்கே வந்துவிட்ட அத்தை. அத்தை ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டி விழுந்த இரண்டாவது மாதம் வேலையை விட்டாள். திரும்பப் போகவே இல்லை. மகன்கள் வந்தார்கள், பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள், டாக்டருக்குப் பணம் கொடுத்தார்கள். துணி அலசியதும் முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டதும் ராத்திரி விழித்திருந்ததும் அந்த மூன்று பேர்தான். கூட்டுக்குடும்பம் என்று நாம் ஏங்குவது பெரும்பாலும் இவர்களுடைய சம்பளமில்லாத வேலையைத்தான்.

இதை நான் சொல்வதைவிட அப்பாவே சொல்லிவிட்டார். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அப்பாவுக்கு எழுபத்தொன்று. அதுவரை அவர் காபிகூடப் போட்டதில்லை. முதலில் ரசம், பிறகு குழம்பு, பிறகு டயப்பர் மாற்றுவது, படுக்கையில் இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைப்பது என்று ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார். தலை பின்னிவிடுகிறார். பின்னல் இன்னும் கோணல்தான். அம்மா கண்ணாடி கேட்பதில்லை. ஒருநாள் அடுப்படியில் நின்றுகொண்டு, “எங்கம்மாவுக்கு ஒரு தடவைகூட நான் இதெல்லாம் செஞ்சதில்லப்பா. எல்லாம் உங்கம்மாவும் அத்தையும்தான்” என்றார். சொல்லிவிட்டுக் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தார்.

என் தொழிலில் ஆன்-கால் என்று ஒன்று உண்டு. சர்வர் ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்தால் யாருடைய போன் அடிக்க வேண்டும் என்பதற்கு ஒரு பட்டியல் இருக்கும். முதல் ஆள் எடுக்கவில்லையென்றால் சில நிமிஷத்தில் இரண்டாவது ஆளுக்குப் போகும். அவரும் எடுக்கவில்லையென்றால் மேனேஜருக்கு. ஒருவரையே நம்பி எதையும் ஓட்டக் கூடாது என்பது எங்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தரும் பாடம். எங்கள் வீட்டுக்கு அப்படி ஒரு பட்டியல் எழுதிப் பார்த்தேன். முதல் பெயர் அப்பா, எழுபத்துநாலு வயது, ரத்தக்கொதிப்பு. இரண்டாவது பெயர் நான், நான்கரை மணி நேரத் தூரம். மூன்றாவது எதிர்வீட்டு மாமா, எழுபத்தெட்டு. ஒரு சாதாரண இணையதளத்துக்குக்கூட இவ்வளவு பலவீனமான ஏற்பாட்டை என் அலுவலகத்தில் யாரும் அனுமதிக்க மாட்டார்கள்.

கடலூரில் அத்தையின் பட்டியலோ இன்னும் சின்னது. அவளுக்கு இப்போது அறுபத்தெட்டு. அதே முதுநகர் வீட்டில் தனியாக இருக்கிறாள். மகன் துபாயில். மாதாமாதம் முதல் தேதிக்குள் பணம் வந்துவிடும். ஹாலில் ஒரு கேமராவும் மாட்டியிருக்கிறான். போன வருடம் விடியற்காலையில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள். அங்கே கேமரா கிடையாது. பால்காரர் வந்து, பாக்கெட் வாசலிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டுக் குரல் கொடுக்கும்வரை இரண்டு மணி நேரம் ஈரத்தரையில் கிடந்திருக்கிறாள். விஷயம் தெரிந்து மகன் பதறிப்போய், இன்னும் மூன்று கேமரா வாங்கப் போவதாகச் சொன்னான். அத்தை என்னிடம் சொன்னாள்: “கேமரா பாக்கும்ப்பா. தூக்காது.”

விழுந்த செய்தி கேட்டு வந்த உறவினர் ஒருவர், மகன்மேல் மனு கொடுக்கலாம், சட்டமிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். சட்டம் இருப்பது உண்மைதான். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுத்தால் பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை வாங்கித் தர முடியும். பார்த்துக்கொள்வேன் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுப் பார்க்காமல் போனால், 23ஆம் பிரிவின்படி அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்கும் பெரியவர்களுக்கு இது உண்மையான பாதுகாப்பு. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் அத்தைக்குப் பணம் வந்துகொண்டுதான் இருக்கிறது. அவளுக்குத் தேவை ஓர் ஆள். தீர்ப்பாயம் பணத்தை வாங்கித் தரும், துபாயிலிருந்து ஆளை வரவழைக்காது. அவன் வேலையை விட்டுவிட்டு வந்தால் அந்தப் பணமும் இருக்காது.

முதியோரின் துன்பம் என்றால் சோறு இல்லாதது, துணி இல்லாதது என்றே நம் மனம் நினைக்கிறது. அதற்கு இந்த மாவட்டத்தில் ஒரு பெரிய மரபே உண்டு. சிதம்பரம் பக்கம் மருதூரில் பிறந்த வள்ளலார் 1867 மே 23இல் வடலூரில் தருமச்சாலையைத் தொடங்கினார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் எரிகிறது. பந்தியில் உட்காருபவர்களில் வயதானவர்கள் நிறையப் பேரை நான் பார்த்திருக்கிறேன். நடந்தோ பஸ் பிடித்தோ வடலூர் வரை வர முடிந்தால் பசி அடங்கிவிடும். வர முடியாதவர்களுக்கு என்ன செய்வது என்பது நம் காலத்தின் கேள்வி. 2004 சுனாமியில் இந்தக் கடற்கரையில் குடும்பத்தையே இழந்த முதியவர்கள் இருந்தார்கள். ஆதரவற்ற பெரியவர்களுக்காக ஹெல்ப்ஏஜ் இந்தியா கடலூர் அருகே தாமரைக்குளம் முதியோர் கிராமத்தை அமைத்தது. பேரழிவு நடந்தால் நமக்குக் கண் திறக்கிறது, பணம் திரளுகிறது. எங்கள் தெருவில் நடப்பதோ யார் கண்ணிலும் படாமல் மெதுவாக நடக்கிறது. பிள்ளைகள் உயிரோடு, நல்ல வேலையில், பாசத்தோடு இருக்கிறார்கள். அதனாலேயே எந்தக் கணக்கிலும் இவர்கள் ஆதரவற்றவர்கள் இல்லை.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. பிசியோதெரபிக்கும் வீட்டுக்கு வருகிறார்கள். 2025 ஆகஸ்டிலிருந்து தாயுமானவர் திட்டத்தில் முதியவர்களுக்கு ரேஷன் வீட்டு வாசலுக்கு வருகிறது. முதியவர் வர முடியாது, நாம்தான் போக வேண்டும் என்று ஓர் அரசாங்கம் புரிந்துகொண்டது பெரிய விஷயம். 2025-26 பட்ஜெட்டில் முதியவர்கள் பகலில் வந்து இருந்துவிட்டுப் போக 25 அன்புச்சோலை மையங்களை அறிவித்தார்கள். நடமாடக்கூடிய அத்தை போன்றவர்களுக்கு அது நல்ல துணை. ஆனால் மாத்திரை கொடுக்க வருபவர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மிச்ச நேரம் முழுக்க அம்மாவைக் கழிப்பறைக்குத் தூக்கிக்கொண்டு போக ஓர் ஆள் வேண்டும். ஆஸ்பத்திரியில் படுத்தால் காப்பீடு இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த நிமிஷத்திலிருந்து குடும்பத்தின் பாடு.

போன வருடம் எங்கள் வீட்டில் அந்தப் பாடு வந்தது. அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். நான்கு நாள் ஆஸ்பத்திரி, ஆறு வாரம் கனமாக எதையும் தூக்கக் கூடாது. அப்போதுதான் கிள்ளை பக்கத்துக் கிராமத்திலிருந்து ஓர் அக்கா வேலைக்கு வந்தார். அப்பா தேறிய பிறகும் அவர் நின்றுவிடவில்லை. காலை எட்டு முதல் சாயங்காலம் ஆறு வரை. அம்மாவைத் தூக்கி உட்கார வைப்பதில் அவருக்கு இருக்கும் நேக்கு எனக்கும் அப்பாவுக்கும் கடைசிவரை வராது. அக்குளில் தோள் கொடுத்து, தன் முழங்காலை அம்மாவின் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, “எழுந்திரும்மா தாயி” என்று ஒரே வீச்சில் எழுப்பிவிடுவார். யாரும் அவருக்கு இதற்குப் பயிற்சி கொடுத்ததில்லை. அவர் வருவதே 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பதால்தான். “பஸ்ஸுக்குக் காசு குடுத்துட்டு வர்றதா இருந்தா கட்டுப்படி ஆவாது தம்பி” என்றார். ஒரு பஸ் திட்டம் எங்கள் அம்மாவை நிமிர்த்தி உட்கார வைக்கிறது என்பதை எந்தப் புள்ளிவிவரத்திலும் பார்க்க முடியாது.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. கணவர் இல்லை. பெரிய மகன் திருப்பூரில், சின்ன மகன் மங்களூரில் போட்டில். வீட்டில் எண்பதைத் தாண்டிய மாமியார், கண் சரியாகத் தெரியாது. “அவங்களை யாருக்கா பாத்துக்கிறாங்க?” என்று கேட்டேன்.

“கஞ்சி வெச்சிட்டு வந்துருவேன். மத்தியானம் பக்கத்து வூட்டுப் பொண்ணு ஒரு எட்டுப் பாக்கும். வுழாம இருக்கணும் தம்பி, அவ்ளோதான்.”

நியூஜெர்சியில் அக்கா அனுப்பும் டாலரும் சென்னையில் நான் வாங்கும் சம்பளமும் சேர்ந்து எங்கள் வீட்டுக்கு ஓர் ஆளைக் கொண்டுவந்திருக்கின்றன. அந்த ஆள் கிள்ளையில் ஒரு வீட்டிலிருந்து கிளம்பி வருகிறார். எங்கள் வீட்டில் இருந்த காலி இடம் அங்கே போய்விட்டது. முன்பு அத்தையின் வேலையையும் வயதையும் எடுத்துக்கொண்டு பாட்டியைப் பார்த்தோம். இப்போது வெளியாள் ஒருவருக்குக் கொஞ்சம் காசு கொடுத்து அதையே செய்கிறோம். தொண்ணூறுகளோடு ஒப்பிட்டால் மாறியிருப்பது இவ்வளவுதான்.

வேறு வழிகள் இல்லாமலில்லை. கோழிக்கோட்டில் 1993இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலிநிவாரணச் சிகிச்சை மலப்புரம் முழுக்கப் பரவி, அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்கள் முறை வைத்து வீடுகளுக்குப் போகும் ஏற்பாடாக வளர்ந்தது. 2008இல் கேரள அரசு அதைக் கொள்கையாகவே ஏற்றுக்கொண்டு உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்தது. ஜப்பானில் 2000 முதல், நாற்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிறார்கள். அதிலிருந்து வீட்டுக்கு ஆள் வருகிறார். அவருக்குப் பயிற்சி உண்டு, சம்பளம் உண்டு, அவர் பெயருக்கு ஒரு தொழில் உண்டு. இரண்டு ஊரிலும் குறைகள் இருக்கும். ஆனால் முதியவரைப் பார்ப்பது ஒரு வேலை, அதைச் செய்யும் ஆளுக்கும் நாளை வயதாகும் என்பதை அவர்கள் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்த இடத்தில் பாசம், கடமை, நன்றி என்ற சொற்கள்தான் இருக்கின்றன. அதைச் செய்யும் ஆளை நினைத்துச் சொன்ன சொற்கள் அல்ல அவை.

அக்காவுக்கு ஏதாவது ஓய்வூதியத்துக்கு வழி செய்யலாம் என்று உட்கார்ந்தேன். அடல் பென்ஷன் யோஜனாவில் சேர வயது 18 முதல் 40 வரை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் ஷ்ரம் யோகி மான்தன் திட்டத்துக்கும் அதே 40. நாற்பது வயதில் அவர் மீன் கூடை சுமந்துகொண்டிருந்தார். யாரும் அவரிடம் படிவம் நீட்டவில்லை. மிஞ்சியது 2007இல் தமிழ்நாடு அரசு அமைத்த வீட்டுப் பணியாளர் நல வாரியம். அறுபது வயதுக்குள் பதிவு செய்தால் அதற்குப் பிறகு மாத ஓய்வூதியம் உண்டு. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாவற்றையும் அப்பா ஒரு கவரில் போட்டு எடுத்து வைத்தார். நாற்பது வருடம் கோப்பு பார்த்த கை. நான் ஆன்லைனில் பதிவு செய்தேன்.

அட்டை வந்த அன்று அக்கா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அறுபதுக்கு அப்புறம் எவ்ளோ வரும் தம்பி?” என்றார்.

அவருடைய மாமியாருக்கு முதியோர் ஓய்வூதியம் வருகிறது. 2023இல் அதை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கினார்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் என்று சொன்னேன்.

அம்மாவின் கால்விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, “அதுல ஒரு ஆள் வெச்சிக்க முடியுமா?” என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

நாங்கள் அக்காவுக்கு மாதம் 12,000 கொடுக்கிறோம். நாளொன்றுக்கு 400. அவருக்கு வரப்போகும் பணத்தில், அவரைப் போல ஒருவரை மாதத்தில் மூன்று நாள் வைத்துக்கொள்ளலாம்.